காற்றுத் துப்பாக்கிக்கு 'சைலன்சர்': எந்த அளவு பொருத்தம்?

சினிமாவில் வில்லன் கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு குழலைத் திருகுவான். 'டுப்' என்று சிறு ஓசை. எதிரே நின்றவர் சாய்ந்து விடுவார். அடுத்த அறையில் சீட்டாடிக் கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது! ஜெய்சங்கர் காலத்துப் படங்களில் இருந்து இன்று வரை இந்தக் காட்சி மாறவில்லை.

உண்மை வேறு. வெடிமருந்துத் துப்பாக்கியில் எந்தக் குழலை மாட்டினாலும் அவ்வளவு அமைதி வராது. ஆனால் காற்றுத் துப்பாக்கியில் அந்த சினிமாக் காட்சிக்கு மிக அருகில் போய்விடலாம். வெளியே வருவது வெறும் காற்றுதானே!

இங்கிலாந்தில் இந்தக் குழலை 'மாடரேட்டர்' என்கிறார்கள். 'சைலன்சர்' என்றால் சத்தத்தை ஒழிப்பது. 'மாடரேட்டர்' என்றால் மட்டுப்படுத்துவது. பின்னதுதான் நேர்மையான பெயர்.

அண்மைக் காலத்தில் 'மாடுலர்' என்ற புது வகை வந்திருக்கிறது. அதாவது, அடுக்கு அடுக்காகக் கழற்றி மாட்டும் குழல். டிபன் கேரியரைப் போல இரண்டு அடுக்கு போதும் என்றால் இரண்டு, நான்கு வேண்டும் என்றால் நான்கு. வசதிதான். ஆனால் எத்தனை அடுக்கு போதும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைத்து வாங்கியவர்களின் ரவை குறி தவறி எங்கோ போகிறது.

செவிடான தந்தை, சைலன்சர் செய்த மகன்

இந்தக் குழலின் கதை சுவையானது. 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் ஹைரம் மாக்சிம். வாழ்நாள் முழுவதும் துப்பாக்கிச் சத்தத்தின் நடுவிலேயே நின்று, கடைசியில் அவர் காது மந்தமாகி விட்டது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான், 1909-ல் அமெரிக்காவில் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர்!

குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். நேராகப் பாயும் வாயுவைச் சுழல விட்டால் அது மெதுவாகத்தானே வெளியேறும்? அதே தத்துவத்தை அவர் மோட்டார் எஞ்சின்களின் புகைக் குழாய்க்கும் பயன்படுத்தினார்.

மைசூரில் 1996 வரை மோட்டார் சைக்கிள் தயாரான தொழிற்சாலையை பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த எஸ்டி வண்டியின் இருபுறமும் நீண்டிருந்த இரட்டை சைலன்சர்களை மறக்க முடியுமா? உள்ளே தடுப்புத் தகடுகள், அறைகள். எஞ்சினில் இருந்து வேகமாக வரும் புகை அவற்றில் மோதி, விரிந்து, களைத்துப்போய் வெளியே வரும். தகடுகளை வெட்டி எடுத்துவிட்டால் தெருவே அதிரும். அப்படி வெட்டிய சைலன்சர்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. காற்றுத் துப்பாக்கியின் மாடரேட்டருக்குள்ளும் அதே தகடுகள், அதே அறைகள்தான். அளவு மட்டும் சிறியது.

சத்தம் எங்கே பிறக்கிறது?

அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், சத்தம் எங்கே பிறக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பொருட்காட்சிகளில் பலூன் சுடுவதற்கு வைத்திருக்கும் துப்பாக்கியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். குழலை மடக்கி, ரவை போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். அது ஸ்பிரிங் துப்பாக்கி. விசையை அழுத்தியதும் உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். காற்று ரவையைத் தள்ளும். இதில் கேட்கும் சத்தத்தில் பெரும் பங்கு, பிஸ்டன் போய் முட்டுவதும் ஸ்பிரிங் அதிர்வதும்தான். முனையில் எவ்வளவு பெரிய குழலை மாட்டினாலும் பின்னால் எழும் அந்தச் சத்தத்தை அது என்ன செய்யும்? வீட்டின் முன்கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் அம்மி இடிப்பது கேட்கக்கூடாது என்றால் நடக்குமா?

ஸ்பிரிங் துப்பாக்கிக்குச் சிறிய மாடரேட்டர் போதும். இன்னும் சொல்லப்போனால், இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. குழலை மடக்கும்போது பிடித்து இழுக்க வாகாக இருக்கிறது என்பதற்காகவே இங்கிலாந்தில் பலர் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள்!

இரண்டாவது வகை, முன்கூட்டியே காற்று அடைத்து வைத்துக் கொள்ளும் துப்பாக்கி. பி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1780-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரியப் படையிலேயே கிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது. புகை இல்லை, வெடிமருந்து வாசனை இல்லை. 1804 முதல் 1806 வரை அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த லூயிஸ்-கிளார்க் பயணக் குழுவினர்கூட ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்று, வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டி வியக்க வைத்தார்கள்.

இன்றைய பி.சி.பி. துப்பாக்கியின் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார். நூறு மடங்கு! அவ்வளவும் ஒரே சுடலில் வெளியே வருவதில்லை; ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை காற்றுதான் திறந்து விடப்படுகிறது. ஆனாலும் ரவை குழல் வாயைத் தாண்டிய மறுகணம், அதன் பின்னால் நெருங்கிக் கிடந்த காற்று ஒரேயடியாக விரிகிறது. அதுதான் 'பட்'டென்ற அந்த அறை. இங்கே இயந்திரச் சத்தம் மிகக் குறைவு. கிட்டத்தட்ட எல்லாச் சத்தமும் முனையில்தான் பிறக்கிறது. அதனால் முனையில் மாட்டும் குழலுக்கு இங்கேதான் முழு வேலை.

குக்கரை அடுப்பில் இருந்து இறக்கியதும் வெயிட்டை வெடுக்கென்று தூக்கினால் எப்படிச் சீறுகிறது! இலேசாகச் சாய்த்து விட்டால் மெல்ல அடங்குகிறது. ஆவி அதே ஆவிதான். வெளியேறும் நேரம்தான் வேறு. மாடரேட்டர் செய்வது இவ்வளவே: நெருங்கிய காற்றுக்கு விரிந்துகொள்ள இடம் கொடுத்து, தகடு தகடாக நிறுத்தி, தாமதப்படுத்தி அனுப்புகிறது.

ரவைக்கு முன்னால் ஓடும் ஓசை

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் சத்தத்தைக் குறைக்க வேண்டும்? திருட்டுத்தனமா? இங்கிலாந்துக் கிராமங்களில் காரணம் வேறு.

அங்கே பண்ணைகளில் எலி, முயல், காட்டுப்புறா தொல்லை அதிகம். இவற்றோடு சாம்பல் நிற அணில் ஒன்று சேர்ந்து கொண்டது. அது இங்கிலாந்துக்குச் சொந்தமானது அல்ல. 1876-ல் அமெரிக்காவில் இருந்து அழகுக்காகக் கொண்டு வந்து ஒரு மாளிகைத் தோட்டத்தில் விட்டார்கள். அது பெருகி, நாட்டுக்குச் சொந்தமான சிவப்பு அணிலை விரட்டி விட்டது. உடல் பலத்தால் மட்டும் அல்ல. சாம்பல் அணில் சுமந்து திரியும் ஒருவகை அம்மைக் கிருமி அதற்கு ஒன்றும் செய்யாது. சிவப்பு அணிலுக்கு மட்டும் எமன்! வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி என்ற தீவில் பெரும்பாலும் பொறி வைத்தே சாம்பல் அணில்களைப் பிடித்து, பல ஆண்டுப் பாடுபட்டு ஒழித்தார்கள். அதன் பிறகு சிவப்பு அணில் அங்கே மறுபடி தழைத்தது. மற்ற இடங்களில் பொறியோடு காற்றுத் துப்பாக்கியும் உதவுகிறது.

இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய காற்றுத் துப்பாக்கியின் உச்ச வலிமை 12 அடி-பவுண்டு. ஏறக்குறைய 16 ஜூல். இந்த வலிமையில் 4.5 மில்லிமீட்டர் ரவை வினாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. போகப் போக வேகம் குறையும். 30 மீட்டர் தொலைவைக் கடக்க வினாடியில் நூற்றில் பதின்மூன்று பங்கு ஆகிறது. ஓசையோ வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. அதற்கு நூற்றில் ஒன்பது பங்கே போதும். ஆக, ரவை போய்ச் சேருவதற்கு முன்பே சத்தம் போய்ச் சேர்ந்து விடுகிறது!

கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவுதான். ஆனால் அணிலும் முயலும் மனிதனைப் போலவா? காதில் விழுந்த கணமே உடல் வெடுக்கென்று துள்ளும். தலைக்கு வைத்த குறி தோளிலோ வயிற்றிலோ படும். உயிர் உடனே போகாது. புதருக்குள் ஓடிக் கிடந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். கொல்வது என்று ஆனபிறகு ஒரே அடியில் கொல்லாமல் விடுவதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. நல்ல பண்ணைக்காரர்கள் மாடரேட்டரைத் தேடிப் போவதன் முதல் காரணம் இதுதான். அக்கம்பக்கத்தார் தொந்தரவு இரண்டாவது காரணம்.

ஒலி வேகத்தைத் தாண்டிப் போகும் ரவைக்கு மாடரேட்டரால் பயன் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லி விடலாம். அந்த ரவை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வழியெல்லாம் சாட்டை சொடுக்குவது போல் சத்தம் எழும். அது குழலை விட்டு வெளியே பிறக்கும் சத்தம். அதைக் குழலுக்குள் வைத்து அடக்க முடியுமா?

துளைதான் முதல் அளவு

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது நீளம். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது துளை.

காற்று ரவைகள் நான்கு அளவுகளில் வருகின்றன. 4.5 மில்லிமீட்டர், 5, 5.5, 6.35. மாடரேட்டரின் உள்துளை ரவையை விடச் சுமார் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். ரவை எதையும் தொடாமல் போக வேண்டும் அல்லவா? 5.5-க்கு உரிய மாடரேட்டரை 4.5 துப்பாக்கியில் மாட்டினால் ஒன்றும் குடி முழுகாது. துளை கொஞ்சம் தாராளம். சத்தம் இம்மியளவு கூடும். ஆனால் 4.5-க்கு உரியதை 5.5 துப்பாக்கியில் மாட்டினால் ரவை தகட்டில் உரசும், குழல் பிய்த்துக் கொண்டு போகவும் கூடும். ஒரு வீட்டில் இரண்டு மூன்று அளவுத் துப்பாக்கி இருந்தால், பெரிய துளைக்கு ஏற்றதையே வாங்கி எல்லாவற்றுக்கும் மாட்டலாம் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்தது மரை. இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அரை அங்குல, 20 மரை கொண்ட முனை. வேறு மரை என்றால் இடையில் ஒரு இணைப்பு வேண்டும். இணைப்பு கூடினால் கோணலும் கூடும். லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோணல் என்றால் எவ்வளவு? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.5 ரவை, 7 மில்லிமீட்டர் துளை. நடுவில் சரியாகப் போனால் எல்லாப் பக்கமும் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. மாடரேட்டரின் நீளம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரை ஒரு கால் டிகிரி சாய்ந்திருந்தால் போதும். கடைசி முனை ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் விலகி விடும். இடைவெளியோ 0.75! ரவை கடைசித் தகட்டைத் தொட்டே தீரும். அதே சாய்வு 10 சென்டிமீட்டர் குழலில் 0.45 மில்லிமீட்டர்தான். ரவை தொடாமல் தப்பி விடும்.

கால் டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத சாய்வு. 'நேற்றுவரை நன்றாகச் சுட்டது, புதுக் குழல் மாட்டியதும் பத்துக்கு மூன்று எங்கோ போகிறது' என்று புலம்புகிறவர்கள் டெலஸ்கோப்பைச் சந்தேகிப்பார்கள், ரவையைச் சந்தேகிப்பார்கள். மாடரேட்டரின் வெளி முனையைத் திருப்பிப் பார்த்தால், துளையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஈயக் கீறல் பளபளத்துக் கொண்டிருக்கும்! குற்றவாளி அங்கேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

நீளமா, பருமனா?

துளையும் மரையும் சரி என்றால், பிறகுதான் நீளமும் பருமனும்.

சத்தத்தை அடக்குவது உள்ளே இருக்கும் கொள்ளளவு. வெளியேறும் காற்று அதிகம் என்றால் இடமும் அதிகம் வேண்டும். எந்தத் துப்பாக்கியில் அதிகக் காற்று வெளியேறும்? முதலாவது, வலிமை கூடிய துப்பாக்கி. இரண்டாவது, குழல் குட்டையான துப்பாக்கி. இந்த இரண்டாவதைப் பலர் மறந்து விடுகிறார்கள். நீண்ட குழலில் காற்று ரவையைத் தள்ளிக்கொண்டே வந்து, வாயை அடையும்போது பெரிதும் ஓய்ந்திருக்கும். குட்டைக் குழலில் பாதி உழைப்பிலேயே வெளியே வந்து விடுகிறது. மிச்சக் கோபத்தை எல்லாம் வெளியில் காட்டுகிறது. எனவே, 'என் துப்பாக்கி சின்னது, சின்ன மாடரேட்டர் போதும்' என்பது நேர் தலைகீழ் கணக்கு.

12 அடி-பவுண்டுக்கு உட்பட்ட, குழல் நீண்ட துப்பாக்கிக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் பருமனும் தாராளம். குட்டைக் குழல் என்றால் அதே நீளத்தில் பருமன் கூடியதாகப் பார்க்கலாம். பருமன் கூடினால் கொள்ளளவு வேகமாகக் கூடும். விட்டம் 3 சென்டிமீட்டரில் இருந்து 4 ஆனால் உள்ளிடம் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. நீளம் கூடுவதில்லை, கோணல் தொல்லையும் கூடுவதில்லை. ஆனால் பருத்த குழல் டெலஸ்கோப்பின் கீழ்ப் பார்வையை மறைக்கும். சில துப்பாக்கிகளில் கீழே இருக்கும் சிலிண்டரில் இடிக்கும். குழலின் மேல் பின்புறமாகவும் உறை போலப் படர்ந்து உட்காரும் மாடரேட்டர்களும் உண்டு. முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் நீளம் குறைவு. காட்டிலும் ஜீப்பிலும் தூக்கித் திரிகிறவர்களுக்கு இது ஏற்றது.

எடையையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியின் நுனியில் 150 கிராம் தொங்கினால் கைக்கு அது அரைக் கிலோ போலத் தெரியும். குழலும் மிக நுட்பமாக வளையும். மாடரேட்டர் மாட்டிய பிறகும் சரி, கழற்றிய பிறகும் சரி, குறியை மறுபடி சரிபார்க்காமல் உயிர் எதன் மீதும் சுடக்கூடாது.

இப்போது அடுக்குக் குழலுக்கு வரலாம். அதன் உண்மையான பயன், கடைக்காரர் சொல்லை நம்பாமல் நம் காதையே நம்பலாம் என்பதுதான். ஒரு அடுக்கோடு சுட்டுப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு. பிறகு மூன்று. சுடுகிறவர் கேட்டால் போதாது. கட்டையில் பதித்த அவர் கன்னத்தின் வழியாகச் சுத்தியல் அடிக்கும் ஓசை அவருக்குத் தனியாகக் கேட்கும். முப்பது நாற்பது அடி தள்ளி, பத்திரமான பக்கவாட்டில் இன்னொருவர் நின்று கேட்க வேண்டும். முதல் அடுக்கில் பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டாவதில் ஓரளவு. மூன்றாவதிலோ நான்காவதிலோ 'தெரியவில்லையே' என்பார். அங்கே நிறுத்தி, கடைசியாகச் சேர்த்ததைக் கழற்றி விடலாம்.

விளம்பரங்களில் 'இத்தனை டெசிபல் குறையும்' என்று போடுவார்கள். டெசிபல் ஏணியின் படிகள் சாதாரணப் படிகள் அல்ல. 10 டெசிபல் குறைந்தால்தான் மனிதக் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். கடைசி அடுக்கு தரும் ஒன்றிரண்டு டெசிபலுக்காக 5 சென்டிமீட்டர் நீளத்தையும் ஒரு கூடுதல் மரையையும் சுமப்பது வீண். ஒவ்வொரு மரையும் தளரக்கூடிய இடம், சாயக்கூடிய இடம். அடுக்குகள் குறையக் குறைய நல்லது என்பதே சரி.

நெருங்கிய காற்று விரியும்போது குளிர்ந்து விடும். அதில் ஈரம் இருந்தால் உள்ளே நீர்த்துளி பூக்கும். பம்பில் அடைத்த காற்று என்றால் இன்னும் அதிகம். வேலை முடிந்ததும் கழற்றி, வாயைக் கீழ்நோக்கி நிறுத்திக் காய விடாவிட்டால், குழலின் முனையில் துரு ஏறும். மாட்டியபடியே உறைக்குள் போட்டு மூடுகிறவர்கள் மாதக்கணக்கில் துருவை வளர்க்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. காற்றுக்குச் சூடு இல்லை என்பதால் இந்த மாடரேட்டர்களை அலுமினியத்திலும் கார்பன் நாரிலும் பிளாஸ்டிக்கிலும்கூடச் செய்கிறார்கள். மரை பொருந்துகிறதே என்று வெடிமருந்துத் துப்பாக்கியில் மாட்டிச் சுட்டால் சிதறி விடும். சுடுகிறவர் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில்தான் அது இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில்?

மேலே சொன்னது எல்லாம் இங்கிலாந்து நிலவரம். அங்கே குறைந்த வலிமைக் காற்றுத் துப்பாக்கிக்கு மாடரேட்டர் வாங்கத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் 18 வயது நிரம்ப வேண்டும். ரவை தன் நிலத்தின் எல்லையைத் தாண்டினால் குற்றம். ஸ்காட்லாந்தில் இன்னும் கண்டிப்பு. 2016 டிசம்பர் 31 முதல் காற்றுத் துப்பாக்கிக்கே அங்கு லைசென்ஸ் வேண்டும்.

இந்தியாவில் கதையே வேறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட வலிமையோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவை. அதற்கு உட்பட்டது என்றால் லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம். இதைக் கேட்டதும், 'துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டாம், முனையில் மாட்டும் குழலுக்கு மட்டும் எதற்கு?' என்று தோன்றும். அங்கேதான் இளைஞர்கள் சறுக்குகிறார்கள்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, 'துப்பாக்கி' என்றால் என்ன என்று விளக்குகிறது. வெடிமருந்தாலோ வேறு எந்த ஆற்றலாலோ குண்டைச் செலுத்துவது என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. சுடும்போது எழும் சத்தத்தையோ ஒளியையோ குறைப்பதற்காக அமைந்த துணைக் கருவிகளையும் அதே சொல்லுக்குள் அடக்கி விடுகிறது! அதாவது, சட்டத்தின் கண்ணில் அந்தக் குழலும் ஒரு துப்பாக்கிதான். காற்றுத் துப்பாக்கிக்குத்தானே என்ற வாதம் கோர்ட்டில் எடுபடுமா என்பதைத் தன் செலவில் சோதித்துப் பார்க்க யாரும் இறங்கக்கூடாது. வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி வாங்கி வரச் செய்வதும், தபாலில் வரவழைப்பதும் ஏதோ கைக்கடிகாரம் வாங்கும் காரியம் அல்ல. சுங்கத்தில் பிடித்தால் மாட்டிக்கொள்வது கொண்டு வந்த மைத்துனர்.

சட்டத்தை விடுங்கள். ஓசையில்லாத துப்பாக்கி காட்டுக்கு என்ன செய்யும் என்பதை அருணாசலப் பிரதேச மக்களைக் கேட்டால் தெரியும். அங்கே பரம்பரையாக வேட்டைப் பழக்கம் உண்டு. காற்றுத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பறவைகளும் சிறு பிராணிகளும் அதற்கு இரையாயின. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தில் லும்டுங் என்ற கிராமத்தில் ஒரு இயக்கம் தொடங்கியது. வீட்டில் இருக்கும் காற்றுத் துப்பாக்கியைத் தாமாகவே கொண்டு வந்து ஒப்படைக்கும் இயக்கம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து குவிந்தன! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதட்டிச் செய்ய முடியாததை, மக்களே மனம் வைத்துச் செய்தார்கள்.

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்குகிறவர்களுக்கோ மாடரேட்டர் தேவையே இல்லை. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். கடலூரில் பிறந்து, ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் அதிலேதான். இந்தப் போட்டியில் துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பின்புற இயந்திரத்தில் இருந்து முனை வரை 850 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. பத்து மீட்டருக்கு அப்பால் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க வேண்டும். முனையில் எதையாவது திருகி, கால் டிகிரி கோணலை விலைக்கு வாங்க எந்த வீரராவது சம்மதிப்பாரா?

வீட்டு மாடியிலோ நீளமான கூடத்திலோ பத்து மீட்டர் பயிற்சி செய்யும் பிள்ளைகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் சொல்வது உண்டு. ஆனால் கவனித்துக் கேட்டால், அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது துப்பாக்கிச் சத்தம் அல்ல. போட்டித் துப்பாக்கியின் வலிமையே ஏழு ஜூல் அளவுதான். இலக்கின் பின்னால் வைத்திருக்கும் இரும்புத் தகட்டில் ஈய ரவை மோதி எழுப்பும் 'டங்' என்ற ஓசைதான் சுவரைத் தாண்டிப் போகிறது. தகட்டின் முன்னால் கெட்டியான புட்டியை இரண்டு அங்குலக் கனத்துக்கு அப்பி வைத்தால், ரவை அதிலேயே புதைந்து விடும். சத்தம் 'தொப்' என்று அடங்கும். பெட்டியின் அடியில் ஒரு பழைய ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்காது. இதற்கு லைசென்ஸ் வேண்டாம், மரை வேண்டாம். வாரம் ஒருமுறை புட்டியில் இருந்து ஈயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மறக்காமல் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.